ஆகாயத்தில் வைத்த பெயர்

என் பெயருக்குச் சாட்சி ஒரே ஒருத்திதான், மருத்துவச்சி அசிமீனா. அவள் கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் இன்றைக்கு நான் ஸோயி. எங்கள் பாஷையில் ஸோயி என்றால் உயிர். அவள் வளைந்து கொடுக்கவில்லை, அதனால் நான் பெர்செஃபோனி. பூப்பறிக்கப் போன பெண்ணைப் பாதாளத்து அரசன் தேரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனானே, அவளுடைய பெயர். அவளைப் பெற்றவள் பூமியெல்லாம் தேடி அலைந்தாள், பயிரெல்லாம் கருகியது, கடைசியில் வருஷத்தில் சில மாதம் கீழே, மிச்ச மாதம் மேலே என்று பஞ்சாயத்து ஆனது. தடுக்கி விழுந்தால் ஒரு மரியா என்று இருக்கிற எங்கள் பெட்ரோவ்ரிசியில் இந்தப் பெயர் எனக்கு மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் என்னைச் சாவு வீட்டு மருமகள் என்று கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்ட இரண்டு பேருக்குப் பல் போனது, அது வேறு விஷயம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அசிமீனாவைப் பற்றி. ஊர் அவளைப் பற்றி நாலு விதமாகப் பேசிவிட்டது. பேசிய வாய்களில் பாதி இப்போது மண்ணுக்குள் இருக்கிறது. மிச்சம் இருப்பவர்களாவது ஒழுங்காகத் தெரிந்துகொள்ளட்டும். இதைப் படித்துவிட்டு லாரிசாவிலிருந்து ஆயர் என்னைக் கூப்பிட்டனுப்பினால் அனுப்பட்டும். இந்த வயதில் என்னை அவர் என்ன செய்துவிட முடியும்?

அவள் எங்கள் ஊர்க்காரி இல்லை. 1922-இல் கடலுக்கு அந்தப் பக்கம் துருக்கிக் கரையில் ஸ்மிர்னா நகரம் எரிந்தபோது, கப்பலில் வந்து வோலோஸ் துறைமுகத்தில் இறங்கிய கூட்டத்தில் ஒருத்தி. அப்போது வயது இருபத்து நாலு, கையில் ஒரு மூட்டை. புருஷனைத் துருக்கி ராணுவம் கல்லுடைக்கக் கூட்டிக்கொண்டு போனது, அவன் திரும்பவில்லை. அதற்கு மேல் அந்தப் பயணத்தைப் பற்றி அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊருக்கு மேலே மேட்டில் அரசாங்கம் அகதிகளுக்கு வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தது. கடைசி வீடு அவளுக்கு.

கீழே இருந்த எங்கள் ஆட்கள் அவர்களைத் துருக்கி விதை என்றார்கள். நம்மைவிட நன்றாகக் கிரேக்கம் பேசினார்கள், நம்மைவிட அடிக்கடி குளித்தார்கள், அதுதான் இவர்களுக்குப் பொறுக்கவில்லை. பெயர்கூட அவர்களுக்கு வேறு மாதிரி. நாங்கள் புனிதர்களின் பெயரைத்தான் வைப்போம். அவர்கள் கல்லில் செதுக்கிய பழைய தெய்வங்களின் பெயர்களை எடுத்து மூக்கொழுகும் பிள்ளைகளுக்கு வைத்திருந்தார்கள். எவ்வளவு ஏளனம் பேசினாலும் வீட்டில் ஒருத்திக்கு வலி எடுத்தால் எல்லாரும் மேட்டுக்குத்தான் ஓடினார்கள். அசிமீனாவின் அம்மாவும் மருத்துவச்சி. அந்தக் கை இவளுக்கும் வந்திருந்தது.

பிள்ளை பிறக்கவைப்பதோடு அவள் வேலை முடிவதில்லை. பிறந்த பிள்ளை நிலைக்காது என்று தெரிந்தால் பாதிரியார் வரும்வரை காத்திருக்க முடியாது. ஞானஸ்நானம் இல்லாமல் போகிற பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, வேலிக்கு வெளியேதான் குழி. அதனால் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களே பிள்ளையை ஆகாயத்தில் மூன்று தரம் தூக்கி, 'கடவுளின் அடியாள் இன்னார் ஞானஸ்நானம் பெறுகிறாள்' என்று பெயரைச் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான், அது ஞானஸ்நானம். பிள்ளை தப்பிப் பிழைத்தால் அந்தப் பெயரே பெயர், தூக்கினவளே ஞானத்தாய். பாதிரியார் மறுபடி தண்ணீரில் முக்க மாட்டார், எண்ணெய் பூசி மிச்சச் சடங்கை முடித்துவைப்பார். அசிமீனா அப்படித் தூக்கிய பிள்ளைகள் முப்பதுக்கு மேல். ஒன்றைக்கூட அவள் பெயரில்லாமல் அனுப்பியதில்லை என்று மேட்டில் பெருமையாகச் சொல்வார்கள்.

1935 பிப்ரவரியில் அவளை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். என் அப்பா லாம்ப்ரோஸ், ஊர்த் தலைவரின் ஒரே மகன். தலைவர் என்பது தாத்தாவுக்குப் பெயருக்குத்தான், வீட்டையும் ஊரையும் நடத்தியது அவர் மனைவி ஸோயி. எங்கள் வழக்கப்படி முதல் பெண் பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர். அது அவளுக்குச் சேர வேண்டிய சொத்து மாதிரி, யாரும் கேள்வி கேட்க முடியாது. கல்யாணமான நாளிலிருந்து ஸோயி அந்தப் பெயருக்காகக் காத்திருந்தாள். என் அம்மா ஸ்டெர்யானி அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் மாமியாருக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவளுக்கு வாய் இருக்கிறதா என்றே ஊரில் பலருக்குச் சந்தேகம்.

அன்று முழங்கால் அளவு பனி. அப்பா டாக்டரைக் கூட்டிவரக் கோவேறு கழுதையில் போய்ப் பாலத்தருகே மாட்டிக்கொண்டார். அம்மாவுக்கு விடிந்ததிலிருந்து வலி. நான் கால் பக்கமாக வந்தேன், கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. ஸோயி அறைக்குள் நின்றுகொண்டு அப்போதே மார்பில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். அசிமீனா அவளைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைத் தாழ் போட்டாள். ஊர்த் தலைவர் மனைவியை அவள் வீட்டிலேயே வெளியே தள்ளியவள் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

ஆக, கதவுக்கு உள்ளே மூன்று பேர். வலியில் மயங்கிக் கிடந்த அம்மா, நீலம் பாரித்துக் கிடந்த நான், அசிமீனா. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, குடத்துத் தண்ணீர் உறைந்திருந்தது. கதவுக்கு வெளியே ஸோயி காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். அது கனத்த ஓக் பலகை, போதாததற்குக் காற்று ஊளையிட்டது. உள்ளே இருந்து ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை என்று அவளே பின்னால் சொன்னாள். திடீரென்று நான் கத்தியது மட்டும் கேட்டது.

கதவைத் திறந்தபோது அசிமீனாவின் முகத்தில் ரத்தமே இல்லையாம். பிள்ளை பிழைத்துக்கொண்டது, போய்விடும் என்று நினைத்து ஆகாயத்தில் தூக்கிவிட்டேன் என்றாள். என்ன பெயர் வைத்தாய் என்று ஸோயி கேட்டாள்.

"நாப்பதாம் நாள் கோயில்ல பாதிரியார்கிட்டச் சொல்றேன்."

அதற்குமேல் அவளிடமிருந்து எதையும் பிடுங்க முடியவில்லை. தாயும் பிள்ளையும் கோயில் படி ஏறுவது நாற்பதாம் நாள்தான், மிச்சச் சடங்கும் அன்றுதான். அதுவரை என் பெயர் அவள் வாய்க்குள் இருந்தது. எங்கள் வீட்டில் பால் காய்ந்ததோ இல்லையோ, இந்தப் பேச்சு மட்டும் தினமும் காய்ந்தது. நானோ குடித்த பாலையெல்லாம் கக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு தரம் உடம்பு சில்லிட்டுப் போனது. என்ன பெயர் சொல்லிச் சாமியிடம் வேண்டிக்கொள்வது என்றுகூட அம்மாவுக்குத் தெரியாது. 'பொண்ணு' என்று சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினாளாம்.

இருபதாம் நாள் போல ஸோயி மேட்டுக்கு ஏறினாள். அகதிகள் வந்து பதின்மூன்று வருஷத்தில் அவள் கால் அங்கே பட்டது அன்றுதான். அக்கம்பக்கத்தார் எல்லாரும் சுவரில் காதை வைத்தார்கள், அவர்கள் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். முதலில் நல்லவிதமாகத்தான் பேசினாள். ஒரு பானை நெய் கொண்டுபோயிருந்தாள். நீ என்ன பெயர் வைத்தாய் என்று எனக்குத் தெரியவே வேண்டாம், அன்றைக்கு ஸோயி என்று சொல்லிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றாள்.

அசிமீனா நெய்ப் பானையைத் தொடவில்லை. "சாகப்போற பிள்ளைக்கு உசிரோட இருக்கிறவங்க பேரை வெக்கிறதில்ல. அது போயிருந்தா, என் பேரை மண்ணுல போட்டுட்டாளேன்னு நீங்களே என்னைக் கிழிச்சிருப்பீங்க."

"அதுதான் போகலையே."

"போகல. அதுக்காக?"

அப்புறம்தான் ஸோயி தன் குரலுக்கு வந்தாள். லாரிசாவில் சர்ட்டிபிகேட் வாங்கிய மருத்துவச்சி ஒருத்தி வரத் தயாராக இருக்கிறாள், என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் போதும், அப்புறம் நீ யார் வீட்டுப் படியை மிதிப்பாய் பார்க்கிறேன் என்றாள். போகும்போது நெய்ப் பானையையும் எடுத்துக்கொண்டு போனாள். மிச்சமிருந்த இருபது நாளும் மேட்டுக்காரர்களே அசிமீனாவிடம் கெஞ்சினார்கள். ஒரு பெயர்தானே, சொல்லித் தொலை, உனக்கு நிலமா நீச்சா, அந்தக் கையை விட்டால் என்ன இருக்கிறது என்று. அவள் காயப்போட வேண்டிய புகையிலை இலைகளை ஊசியில் கோத்துக்கொண்டே இருந்தாளாம். தனியாக இருக்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

நாற்பதாம் நாள் கோயில் வாசலில் பாதி ஊர் கூடியிருந்தது. அம்மா என்னைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு படிக்குக் கீழே நின்றாள். பக்கத்தில் ஸோயி, கறுப்புப் பட்டில். அவள் பின்னால் தாத்தாவும் அப்பாவும். தனியாக, வேப்பங்காயைக் கடித்த முகத்தோடு, அசிமீனா. வேம்பு எங்கள் ஊரில் இல்லையென்றாலும் அந்த முகத்துக்கு வேறு சொல் கிடையாது. சோத்திரிஸ் பாதிரியார் வெளியே வந்து, ஆகாயத்தில் தூக்கியபோது என்ன பெயர் சொன்னாய் என்று முறைப்படி கேட்டார்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "பெர்செஃபோனி" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஃபோட்டிஸ் வாத்தியாருக்குத் தன் படிப்பைக் காட்ட வேண்டியிருந்தது. நல்ல மனுஷர், ஆனால் எங்கே வாயைத் திறக்கக் கூடாது என்று தெரியாதவர். இது சாதாரணப் பெயர் இல்லை, இதில் ஒரு பாதி கொண்டுவருதல், மறு பாதி கொலை, சாவைக் கொண்டுவருகிறவள் என்று முன்னோர்கள் பொருள் சொன்னார்கள் என்று ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் ஜனங்கள் இந்தப் பெயரை உச்சரிக்கவே பயந்து 'பெண்' என்று மட்டும் சொல்வார்களாம். வேறு பொருளும் உண்டு என்று அவர் இழுக்கும்போதே தாத்தா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். மூட வேண்டியது கொஞ்சம் முன்னால்.

ஸோயி தலைத்துணியை இழுத்துக் கீழே எறிந்தாள். "உசிருன்னு பேரு சொல்ல வேண்டிய பிள்ளைக்கு எமன் பொண்டாட்டி பேரை வெச்சிருக்கா. வேணும்னே செஞ்சிருக்கா, துருக்கி விதை. இந்தப் பிள்ளை இந்த வருஷம் தாண்டாது, சொல்லிட்டேன்."

பாதிரியாருக்கும் அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அப்படி ஒரு புனிதை கிடையாது. ஆனால் சொன்ன பெயர் சொன்னதுதான், அதை மாற்ற அவருக்கே அதிகாரமில்லை. அதனால் வேதப்புத்தகத்தை வெளியே கொண்டுவந்து நீட்டினார். "இதுல கைய வெச்சுச் சொல்லு, அசிமீனா. பொய் சொன்னா ஆத்துமாவுக்கு என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். பயந்துபோய் வேற பேரைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்ல, இப்பவே சொல்லிடு." ஸோயிக்கு ஒரு வழி திறந்துவிட்டார் என்று எல்லாருக்கும் புரிந்தது. அசிமீனாவுக்கும் புரிந்திருக்கும்.

அவள் கையை வைத்தாள். கை நடுங்கியது, கடைசி வரிசையில் நின்றவர்களுக்குக்கூடத் தெரிந்தது. கை நடுங்குகிறது பாருங்கள், பொய், உள்ளே என்ன நடந்தது என்று இவளைத் தவிர யாருக்குத் தெரியும் என்று ஸோயி கூவினாள். பாதிரியாரும் புத்தகத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் அவள் சாட்சி செல்லாது என்று சொல்லியிருப்பார்.

"நானும் கேட்டேன்," என்றாள் என் அம்மா.

எல்லாரும் திரும்பினார்கள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, மயக்கம் தெளிகிற நேரம், மூன்று தரமும் காதில் விழுந்தது, பெர்செஃபோனி என்றுதான் சொன்னாள் என்றாள். மூன்று வருஷமாக வாய் திறக்காதவள் திறந்தால் யார் நம்பாமல் இருப்பார்கள்? பாதிரியார் பெருமூச்சு விட்டு எண்ணெயை எடுத்துவரச் சொன்னார். அன்று முதல் நான் பெர்செஃபோனி, அசிமீனா என் ஞானத்தாய்.

ஈஸ்டருக்கு முன்னால் சர்ட்டிபிகேட் மருத்துவச்சி வந்து சேர்ந்தாள். கீழ் ஊரில் அசிமீனாவுக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. மேட்டில் வருஷத்துக்கு ஆறேழு பிரசவம், மிச்ச நாளெல்லாம் அடுத்தவர் வயலில் புகையிலை. வசதியாக இருந்தாள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஈஸ்டர் தவறாமல், ஞானத்தாய் கொடுக்க வேண்டிய முறைப்படி, எனக்குப் புது மெழுகுவர்த்தியும் செருப்பும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாள். ஸோயி அதைக் காலால் தள்ளுவாள், அம்மா எடுத்துவந்து என் காலில் மாட்டுவாள். ஸோயி சாகும்வரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதற்குத்தான் தங்கை பிறந்தாளே. அவள் ஸோயி, இப்போது ஜெர்மனியில் குண்டாக, சௌக்கியமாக இருக்கிறாள்.

நான் அந்த வருஷம் தாண்டினேன், அதற்கு அடுத்த வருஷமும் தாண்டினேன். ஆனால் ஊரில் எது செத்தாலும் கண் என் பக்கம் திரும்பும். டைபாய்டு வந்தபோது திரும்பியது, எங்கள் வீட்டு மாடு கன்றோடு செத்தபோது திரும்பியது. பெயரைக் கேட்டுவிட்டு இரண்டு சம்பந்தம் பாதி வழியில் திரும்பிப் போனது. கடைசியில் தனாசிஸ் வந்தான். அவன் பெயருக்குச் சாகாதவன் என்று அர்த்தம், அதனால் உன் பெயர் என்னை ஒன்றும் செய்யாது என்று சிரித்தான். பாவி, ஐம்பத்து மூன்று வயதில் போய்விட்டான். பெயருக்கு அர்த்தம் பார்க்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

நானும் ஒரு காலத்தில் பார்த்தவள்தான். முப்பது வயதில், மூத்தவனைப் பல் டாக்டரிடம் காட்ட லாரிசா போனபோது, நூலகத்தில் புகுந்து பெரிய அகராதியைக் கேட்டு வாங்கினேன். வாத்தியார் விழுங்கிய மிச்சம் அதில் இருந்தது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று படித்தவர்களுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு விதமாக அதை எழுதியிருக்கிறார்கள். கிரேக்கர்கள் வருவதற்கு முன்பே இங்கே இருந்த ஜனங்களின் சொல்லாக இருக்கலாம், வாயில் நுழையாமல் மாறி மாறி, கடைசியில் கொலை என்ற சொல்லோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று சிலர். இன்னும் சிலர், பழைய வடிவத்தில் அது கதிர்க்கட்டை அடிக்கிறவள் என்று பொருள்படும் என்கிறார்கள். நான் பதினாறு வயதிலிருந்து களத்தில் கதிர் அடித்தவள். அந்தப் பக்கத்தை மூன்று தரம் படித்தேன், அழுதேன், மகன் பல் வலியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே மேட்டுக்கு ஓடி அசிமீனாவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். ஊசியில் புகையிலையைக் கோத்துக்கொண்டே, "உன்னை யாரு கேட்டா?" என்றாள். எனக்குக் கோபம் வந்து ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

1977 மே மாதம் அவள் படுத்துவிட்டாள். எழுபத்தொன்பது வயது, நெஞ்சில் நீர். மேட்டிலிருந்து எனக்கு ஆள் வந்தது. சோத்திரிஸ் பாதிரியாருக்கு அப்புறம் வந்த இளம் பாதிரியார், சாகும்முன் கொடுக்கிற நற்கருணையோடு இரண்டு தரம் போயும் அவள் வாங்க மறுக்கிறாளாம், ஞானமகள் வந்து சொன்னாலாவது கேட்பாளா என்று கூப்பிட்டார்கள். நான் போனபோது மத்தியானம். பாதிரியார் வாசலில் உட்கார்ந்திருந்தார், அவரைச் சுற்றிப் பெண்கள். சீக்கிரம் பேசுங்கள், மாலை வரை தாங்காது என்றார்.

உள்ளே போனதும் கதவைத் தாழ் போடச் சொன்னாள். மூச்சு வாங்கியது. என்ன பிடிவாதம் இது, ஒரு வாய் வாங்கிக்கொண்டால் என்ன என்று நான் ஆரம்பித்தேன்.

"பாவம் அறிக்கை பண்ணாம வாங்க முடியாது. பண்ணினா உன்னையும் சேத்துச் சொல்லணும்," என்றாள். "அன்னிக்கு நான் பேரே சொல்லல."

எனக்குப் புரியவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஸ்மிர்னாவிலிருந்து வந்த கப்பலில் அவளுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. புருஷனைப் பெற்றவளின் பெயரை வைக்க வேண்டும், பெர்செஃபோனி. பிள்ளை பலவீனமாகத்தான் இருந்தது. ஆகாயத்தில் தூக்குவது அவளுக்குத் தெரியும், அவள் அம்மா செய்வதைப் பார்த்திருக்கிறாள். ஆனால் கப்பலில் எங்கேயோ ஒரு பாதிரியார் இருக்கிறார் என்றார்கள். முறையாகத் தண்ணீரில் செய்யலாம் என்று காத்திருந்தாள். பாதிரியார் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது. பெயரில்லாத பிள்ளையைக் கடலில்தான் போட்டார்கள்.

பதின்மூன்று வருஷம் கழித்து நான் அதே நீலத்தில் அவள் கைக்கு வந்தேன். அதே எடை என்றாள். முதல் தரம் தூக்கினாள், என்ன பெயரைச் சொல்வது என்று வாயைத் திறந்தாள், நாக்கு எழவில்லை. இரண்டாம் தரம், மூன்றாம் தரம், ஒரு சொல்லும் வரவில்லை. நான் கத்திவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் எனக்கு ஞானஸ்நானமே ஆகவில்லை. சோத்திரிஸ் பாதிரியார் அவள் பேச்சை நம்பித் தண்ணீரில் முக்காமல் விட்டார். ஞானஸ்நானம் இல்லாதவளுக்கு நடந்த கல்யாணம் கல்யாணமில்லை. நாற்பது வருஷம் வாங்கிய நற்கருணை திருட்டு. என் மூன்று பிள்ளைகள், நான் ஞானஸ்நானத் தொட்டியருகே ஏந்தி நின்ற நாலு ஞானப்பிள்ளைகள், எல்லாம் என்ன கணக்கு? வெளியே பாதிரியார் கதவைத் தட்டினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சாகக் கிடக்கிறவள் என்றும் பார்க்கவில்லை. "என்னைத் தூக்கறப்ப எழாத நாக்கு, கோயில் வாசல்ல பொய்ச் சத்தியம் பண்றப்ப மட்டும் எப்படி எழுந்துச்சு? ஸோயின்னு சொல்லியிருந்தா உங்களுக்கு வேலையாவது மிஞ்சியிருக்கும்ல?"

"அந்தப் பேரை வெக்க எனக்கு வேற பிள்ளை இல்ல," என்றாள்.

அப்போதுதான் அம்மா ஞாபகம் வந்தது. அம்மா கேட்டேன் என்று சொன்னாளே என்றேன். அசிமீனாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்து, இருமலில் முடிந்தது. "உங்கம்மா கட்டை மாதிரிக் கெடந்தா. மாமியார் பேரைத் தவிர நான் எந்தப் பேரைச் சொல்லியிருந்தாலும் அவ காதுல விழுந்திருக்கும்."

மறுபடி கதவைத் தட்டினார்கள். அவள் என் கையைப் பிடித்தாள். கை ஐஸாக இருந்தது. நான் சொன்னால் உன் குடும்பம் சந்தி சிரிக்கும், சொல்லாவிட்டால் நான் இப்படியே போக வேண்டியதுதான், நீ சொல்வதுபோல் செய்கிறேன் என்றாள். நாற்பத்திரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அது.

கட்டிலருகே ஒரு தம்ளரில் தண்ணீர் இருந்தது. நான் அதை எடுத்து அவள் கையில் வைத்து, என் கையால் தாங்கிக்கொண்டு, தரையில் முழங்காலிட்டேன். தலைத்துணியை அவிழ்த்தேன்.

"பேர் சொல்லாம என்னை விட்டதைத்தானே அறிக்கை பண்ணணும்? இப்பவே முடிச்சுருங்க. அப்புறம் பொய்ச் சத்தியம் ஒண்ணுதான் மிச்சம், அதைப் பாதிரியார்கிட்டச் சொல்லிக்கலாம்."

ஆபத்துக் காலத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது சட்டம். ஆபத்து கொடுக்கிறவளுக்கா வாங்குகிறவளுக்கா என்று எனக்குத் தெரியாது, யாரிடமும் கேட்கவும் இல்லை. அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். இப்போது நீயே பெயரைத் தேர்ந்தெடுக்கலாம், உனக்கு அந்த உரிமை உண்டு, ஸோயி என்றாலும் சரி என்றாள். உங்களிடம் இருப்பதே ஒரு பெயர்தானே அத்தை, அதையே வையுங்கள் என்றேன்.

அவள் தண்ணீரைச் சாய்த்தாள். பாதி என் தலையில் விழுந்தது, பாதி அவள் போர்வையில். "கடவுளின் அடியாள் பெர்செஃபோனி, பிதாவின் பெயரால்." குரல் தெளிவாக வந்தது. இத்தனை வருஷம் என்னை 'இந்தாடி பொண்ணே' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள், என் பெயரை அவள் வாயால் நான் அன்றுதான் கேட்டேன். இரண்டாவது தரம், சுதனின் பெயரால், இன்னும் கொஞ்சம் உரக்க. மூன்றாவது தரம் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவள் கண் என் தலைக்கு மேலே எங்கேயோ போயிருந்தது. ஞானஸ்நான வாசகத்தையும் விட்டுவிட்டாள். பெர்செஃபோனி, பெர்செஃபோனி என்று வெறும் பெயரை, கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவள் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டாள்.

அது என்னை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நான்தானே அங்கே இருந்தேன்.

"இங்கதாம்மா இருக்கேன்," என்றேன்.

அவள் கை என் ஈரத் தலையில் வந்து நின்றது. அது தளரும்வரை அப்படியே இருந்துவிட்டு, எழுந்துபோய்ப் பாதிரியாருக்குக் கதவைத் திறந்தேன்.